பூச்சுக்கு மேல் மெழுகு

மகள் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ள வந்தாள். அப்பா காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

மலையடிவாரத்தில், கைவிட்டுப்போன ஒரு கல்குவாரிக்குள் இருந்தது அந்தச் சுடுகளம். மூன்று பக்கமும் பாறை. ஒரு முறை சுட்டால் பாறை அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு சத்தத்துக்கும் காருக்குள் சென்னியப்பனின் தோள் குலுங்கி அடங்கும். உள்ளே பலர் சுடுகிறார்கள். அதில் எது மகளின் சத்தம் என்று அவருக்குத் தெரியாது. அதனால் எல்லாச் சத்தத்துக்கும் குலுங்கினார்.

ஒரு மழைக்காலம் முழுக்க இப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் காலை யாரோ கார்க் கண்ணாடியைத் தட்டினார்கள்.

ஜெசிந்தா. மகளுக்குச் சுடச் சொல்லிக்கொடுப்பவர். துணை ராணுவத்தின் ஆயுதக் கிடங்கில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, பாதியில் விட்டு வந்தவர். வாழ்நாளில் பாதியைக் காதுமூடிக்குள் கழித்ததாலோ என்னவோ, பேச்சைச் சுருக்கிக்கொள்ளப் பழகியிருந்தார்.

“உள்ள வாங்க சார்.”

“இல்லீங்க, நான் இங்கயே இருந்துக்கறனுங்க.”

“இங்க உக்காந்து பயப்படறீங்க. அங்க வந்து பயப்படுங்க. கூடவே கொஞ்சம் வேலையும் நடக்கும்.”

சென்னியப்பன் இறங்கிப் போனார்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர். ஜெசிந்தாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் அன்றிலிருந்து ஜெசிந்தா குரு, சென்னியப்பன் சீடர். குரு சீடரைச் ‘சார்’ என்று கூப்பிட்டார். சீடர் குருவைக் ‘கோச்’ என்று கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருக்கவில்லை.

வேலை என்று ஜெசிந்தா சொன்னது தோட்டா அடைப்பது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை அங்கே எறிவதில்லை. பொறுக்கிக் கழுவிக் காயவைத்து, அடியில் பொறி கிளப்பும் புதுக் கேப் பொருத்தி, உள்ளே வெடிமருந்தை அளந்து கொட்டி, வாயில் ஒரு ஈயக்குண்டை வைத்து அழுத்தினால் அது மறுபடி தோட்டா. அதற்குக் கிளப்பிடம் உரிமம் இருந்தது. ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, கைப்பிடி வைத்த ஒரு பிரஸ், ஒரு தராசு, பூட்டுப் போட்ட ஓர் அறை. அடைக்கும்போது செல்போன் கூடாது, பேச்சு கூடாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. அவரவர் சுட்ட கூடு அவரவருக்கே திரும்பிப் போக வேண்டும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் அவரவர் கையாலேயே பெயர் எழுதி ஒட்டியிருப்பார்கள். அடைக்கிறவர் அந்தப் பெயரைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் அடைப்பார்.

சென்னியப்பனுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. லேத்தில் பழகிய கை. ஒரு தோட்டாவுக்கும் இன்னொரு தோட்டாவுக்கும் வித்தியாசம் தெரியாது. சில மாதங்களில் ஜெசிந்தா அறைச் சாவியை அவரிடம் நீட்டினார். சென்னியப்பன் அதை வாங்கி, சட்டைப் பையில் போட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் காரை நிறுத்திப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவர் சுபாவம் அப்படி. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். அவர் மனைவி வசந்தாமணி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொல்லுவார்: “இன்னும் ரெண்டு இழு இழுங்க. கதவு கழண்டு கையோட வந்துரும். அப்புறம் திருடனுக்குப் பூட்டை உடைக்கிற வேலை மிச்சம்.”

சென்னியப்பன் சிரிப்பார். சிரித்துக்கொண்டே இழுப்பார்.

அதுவரை அங்கே வெறும் ஈயக்குண்டுதான். ஈயம் மென்மையானது. அப்படியே சுட்டால் துப்பாக்கிக் குழலுக்குள் உரசி ஒட்டிக்கொள்ளும். அதனால் குண்டின் இடுப்பில் ஓடும் பள்ளத்தில் மெழுகு வைப்பார்கள். தேன்மெழுகையும் கொழுப்பையும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு. அதைக் காய்ச்சும்போது அறையெல்லாம் ஒரு வாசனை வரும். சென்னியப்பனுக்கு அந்த வாசனை பிடிக்கும். விரல் நுனியில் மெழுகு இருந்தால் மனசு சமாதானமாக இருக்கும்.

பிறகு புதுக் குண்டு வந்தது. ஈயத்தின் மேல் நீலநிறப் பூச்சு போட்டுச் சூளையில் சுட்டது. இடுப்பில் பள்ளம் கிடையாது. கையில் எடுத்தால் வழவழப்பாக, விளையாட்டுச் சாமான்போல இருந்தது. மெழுகுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டார் ஜெசிந்தா.

சென்னியப்பன் கழுவினார். கவிழ்க்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“கோச், ஒரு கேள்விங்க.”

“கேளுங்க சார்.”

“பூச்சு இருக்குது, செரி. இருந்தாலும் அதுக்கு மேல கொஞ்சம் மெழுகு தடவோணுங்களா?”

“வேண்டாம்.”

“கொஞ்சமே கொஞ்சம்?”

“ஈயம் குழலைத் தொடக்கூடாது. அதுக்குத்தான் மெழுகு. அதுக்குத்தான் பூச்சும். ஒரு வேலைக்கு ஒரு ஆள் போதும் சார்.”

“இல்லீங்க கோச், நான் முப்பது வருஷமா இரும்போட இருக்கறவன். உரசற எடத்துல மசகு இல்லாம எதுவும் ஓடி நான் பாத்ததில்லைங்க.”

ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க மோட்டார்ல பேரிங் இருக்குல்ல சார். அதுல எவ்வளவு கிரீஸ் வைப்பீங்க?”

“பாதிதாங்க. பாதிக்கும் கொறச்சலாத்தான்.”

“ஏன், நிறைய வச்சா?”

“அய்யோ, நெறைய வெச்சா பேரிங் சூடாயிருங்க. கிரீஸ் உருகி வழிஞ்சு காயிலுக்குள்ள போயிரும். மோட்டாரே போச்சு.”

“அப்படி யாராவது வைப்பாங்களா?”

“வெப்பாங்க. புதுசா வந்த பசங்க. பயந்தாங்கொள்ளிப் பசங்க.”

சொல்லி முடித்த பிறகு சென்னியப்பனுக்குத் தன் குரல் காதில் விழுந்தது. பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

ஆனால் கேள்வி கவிழவில்லை. அது உள்ளேயே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் மறுபடி வந்தார்.

“கோச், அந்தப் பூச்சு உரிஞ்சுபோச்சுன்னா?”

ஜெசிந்தா டப்பாவிலிருந்து ஒரு நீலக்குண்டை எடுத்தார். வெளியே போய், படிக்கல்லின் மேல் வைத்தார். சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. குண்டு நசுங்கி, பழைய காலணா போலத் தட்டையாகிவிட்டது. அதை எடுத்துச் சென்னியப்பன் உள்ளங்கையில் வைத்தார்.

சென்னியப்பன் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈயம் தன் உருவத்தையே இழந்திருந்தது. பூச்சு எங்கேயும் விரியவில்லை. ஈயம் போன இடத்துக்கெல்லாம் நீலமும் கூடவே போயிருந்தது.

“உரியலைங்க.”

“ம்.”

“இது உரியலைங்க. செரி. மத்ததுங்க?”

ஜெசிந்தா சுத்தியலை அவரிடம் நீட்டினார்.

“அடிச்சுப் பாருங்க சார்.”

“எல்லாத்தையுங்களா?”

“உங்களுக்கு எது வரைக்கும் அடிச்சா நம்பிக்கை வருதோ, அது வரைக்கும்.”

சென்னியப்பன் படிக்கல்லின் அருகே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒன்று அடித்தார். உரியவில்லை. இன்னொன்று. உரியவில்லை. அடுத்ததுதான் உரியும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றியது. வெயில் ஏறியது. அடித்துக்கொண்டே இருந்தார்.

கிளப்பில் தாவூத் பாய் என்று ஒருவர் உண்டு. ஜவுளிக்கடைக்காரர். சுடுவதைவிடப் பேசுவதில் குறி தப்பாதவர். அவர் அந்தப் பக்கமாக வந்தவர், படியெல்லாம் நீல வட்டங்கள் சிதறிக்கிடப்பதைப் பார்த்து நின்றார்.

“என்னங்க சென்னியப்பன், பம்ப்செட்டு யாவாரம் டல்லா? காசு அச்சடிக்க ஆரம்பிச்சுட்டீங்களா?”

“இல்லீங்க பாய். நல்ல குண்டான்னு பாக்கறேன்.”

“பாத்தாச்சா?”

சென்னியப்பன் டப்பாவைத் துழாவினார். விரல் அடியைத் தொட்டது. டப்பா காலி.

“எல்லாமே நல்ல குண்டுங்க பாய்.”

“மாஷா அல்லா. இப்ப எதை எடுத்துச் சுடறது?”

தாவூத் பாய் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கதவருகில் நின்றிருந்த ஜெசிந்தா சிரிக்கவில்லை. நசுங்கியவற்றைக் கூட்டி அள்ளி ஒரு வாளியில் போட்டார்.

“ஈயம் வீணாகாது சார். உருக்கிக்கலாம்.”

அவ்வளவுதான் சொன்னார்.

அன்று சாப்பிடும்போது சென்னியப்பன் இதை வீட்டில் சொன்னார். மகள் சிந்துஜா புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். “நல்லவேளைப்பா, டெஸ்ட் பண்றதுக்கு என்னையத் தூக்கிப் போட்டு அடிக்காம விட்டீங்களே.” வசந்தாமணி தட்டில் சோறு போட்டுக்கொண்டே, “உனக்குச் சின்ன வயசுல பல்லு விழுந்துச்சுன்னு டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடுனவருதான்” என்றார். சென்னியப்பனும் சிரித்தார். விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் அவரும் நினைத்தார்.

கிளப்புகளுக்கு இடையே நடக்கும் போட்டி நெருங்கியது. இந்த முறை சிந்துஜாவும் பெயர் கொடுத்திருந்தாள். ரிவால்வர் பிரிவு. இதில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மாநில அளவுக்குப் போகலாம். வேலைக்குப் போய்வந்த களைப்போடு, கையில் கனத்தைத் தூக்கி நீட்டி, அசையாமல் நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். போட்டிக்குப் போகும் எல்லோருடைய பெட்டியும் அறைக்கு வந்துசேர்ந்தது.

சென்னியப்பன் வரிசையாக அடைத்தார். தாவூத் பாயின் பெட்டி. பல் டாக்டரின் பெட்டி. கல்லூரிப் பையன் ஒருவனின் பெட்டி. கேப், மருந்து, நீலக்குண்டு, ஓர் அழுத்து. கேப், மருந்து, நீலக்குண்டு, ஓர் அழுத்து. கை அதுபாட்டுக்கு ஓடியது. மனசில் எதுவும் இல்லை. அப்படி எதுவும் இல்லாமல் இருப்பது அவருக்கு எப்போதாவதுதான் வாய்க்கும்.

கடைசியாகச் சிந்துஜாவின் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். மூடியில் அவள் எழுத்து. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே வலதுபக்கம் சாய்ந்துகொண்டு ஓடும் எழுத்து.

கை நின்றது.

அந்தத் தோட்டா வெடிக்கும்போது அவள் கண்ணுக்கும் அதற்கும் ஒரு கை நீளம்தான் தூரம். அந்தக் கை அவளுடைய கை. அது அவருக்குத் தெரியும். அந்தத் தூரம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதும் தெரியும். தாவூத் பாய்க்கும் கை உண்டு, கண் உண்டு. அவர் பெட்டியை அடைத்தபோது ஏன் கை நிற்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கமாக இருந்தும் கை நகரவில்லை.

வேண்டாம் என்றுதானே கோச் சொன்னார் என்று யோசித்தார். கெடுதல் என்று சொல்லவில்லையே. வேண்டாததைச் செய்தால் என்ன? வீட்டில் யாராவது கேட்டா போர்வையை இழுத்து விடுகிறோம்? தூங்குகிற பிள்ளைக்கு இழுத்துத்தான் விடுகிறோம்.

பேரிங் ஞாபகம் வந்தது. அதை ஒதுக்கினார். பேரிங் வேறு, இது வேறு.

அலமாரியின் அடித்தட்டில் பழைய மெழுகு ஒரு கட்டி இருந்தது. விரல் நுனியால் எடுத்து, ஒவ்வொரு குண்டுக்கும் அடிப்பக்கம், கூட்டுக்குள் போய் மறைகிற இடத்தில், லேசாக ஒரு தொடல். சின்ன வயசில் அவள் உச்சியில் எண்ணெய் வைத்த அதே விரல். வைத்து முடித்ததும் மனசு சமாதானமானது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்தில் இருக்கிறது என்பதே அவருக்குப் பிடித்திருந்தது.

போட்டி வேறு ஊரில். சிந்துஜா காரை ஓட்டினாள். தோட்டாப் பெட்டியைச் சென்னியப்பன் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

“பின்னாடி டிக்கில வைங்கப்பா. வெயிலு அடிக்குது பாருங்க.”

“கண்ணு முன்னால இருக்கட்டும் அம்மிணி.”

“அதுக்குக் காலா இருக்குது, எறங்கி ஓடறதுக்கு?”

அவர் பெட்டியை எடுக்கவில்லை.

போய்ச் சேர்ந்ததும் அவள் பெயர் பதியப் போனாள். நிழல் இருந்த இடமெல்லாம் முன்பே வந்தவர்களின் வண்டிகள் நின்றன. இவர்கள் கார் வெட்டவெளியில் நின்றது. சென்னியப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்து பெட்டிக்குக் காவல் இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியது. உள்ளே அடுப்படிபோல அனல். பரவாயில்லை என்று இருந்தார். முன்பும் இப்படித்தான் ஒரு மழைக்காலம் உட்கார்ந்திருந்தார், அது நினைவுக்கு வந்தது.

பிற்பகலில் சிந்துஜாவின் முறை வந்தது.

பார்க்கிறவர்களுக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். சென்னியப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஜெசிந்தா. வரிசையில் சிந்துஜா கையை நீட்டினாள். மூச்சை விட்டாள். சத்தம். அட்டையில் நடுவுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டை. அடுத்த சத்தம். ஓட்டை நடுவிலேயே. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு சத்தம், சத்தம்போல இல்லை. ‘தப்’ என்று, தலையணையைக் குத்தினது போல.

அட்டையில் புது ஓட்டை விழவில்லை.

சென்னியப்பனுக்கு அது என்னவென்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. அறையில் முதல் நாள் ஜெசிந்தா சொல்லிக்கொடுத்ததே அதுதான். மருந்து சரியாக எரியாவிட்டால், குண்டு வெளியே போக வலுவில்லாமல் குழலுக்குள்ளேயே நின்றுவிடும். பார்ப்பதற்குத் துப்பாக்கி அப்படியே இருக்கும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் போச்சு. போகிற குண்டுக்கு வழியில்லாமல் குழல் வெடிக்கும்.

‘நிறுத்து’ என்று கத்த வாயைத் திறந்தார்.

சிந்துஜா நிறுத்தியிருந்தாள். விரல் விசையை விட்டு எப்போதோ வெளியே வந்திருந்தது. துப்பாக்கி முன்னால் நோக்கியபடியே இருக்க, இடக்கையை உயர்த்திக்கொண்டு, சிலைமாதிரி நின்றாள். பக்கத்து வரிசைக்காரர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நேரம் ஓடியது. அவள் நகரவில்லை.

நடுவர் வந்தார். அனுமதி வாங்கிக்கொண்டு ஜெசிந்தா கயிற்றைத் தாண்டிப் போனார். ரிவால்வரைத் திறந்து, தோட்டாக்களைக் கொட்டினார். குழலை ஆகாயத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் வரவில்லை.

பின்னாலிருந்த மேசையில் ஒரு துணியை விரித்தார். மெல்லிய பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டு, மரச்சுத்தியலால் தட்டினார். தட்டத் தட்ட அது இறங்கி, கடைசியில் துணியில் விழுந்தது.

நீலக்குண்டு. குழலின் உட்புற வரி அதன் மேல் அழகாகப் பதிந்திருந்தது. பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. அதன் அடிப்பக்கம் மட்டும் கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. எரியாத மருந்து மணிகள் அதில் எள்ளுருண்டைமாதிரி ஒட்டியிருந்தன.

ஜெசிந்தா அதைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். தேன்மெழுகு வாசனை. வெயிலில் உருகிய மெழுகு மருந்தை நனைத்திருந்தது.

சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தார். அவர் கயிற்றை விடவே இல்லை.

“எல்லாத்துலயுமா சார்?”

“இந்தப் பொட்டியில எல்லாத்துலயுங்க.”

சிந்துஜா அப்பாவைப் பார்த்தாள். குண்டைப் பார்த்தாள். நடுவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். கோளாறு என்று எழுதிக்கொள்கிறேன், மறுபடி சுடலாம், ஆனால் இந்தத் தோட்டா கூடாது, வேறு இருந்தால் சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்றார்.

தாவூத் பாய் பின்னாலிருந்து தன் பெட்டியை நீட்டினார். அதே அளவு, அதே மருந்து. அவர் பிரிவுக்கு மறுநாள்தான் முறை.

“எடுத்துக்கோம்மா. நம்ம சென்னியப்பன் அடைச்சது. வெண்ணெயில கத்தி போறமாதிரி போகும்.”

ஜெசிந்தா பெட்டியை வாங்கினார். சிந்துஜாவிடம் கொடுக்கவில்லை. சென்னியப்பனுக்கு எதிரில் பிடித்தார்.

“இது யார் சார் அடைச்சது?”

“நானுங்க.”

“மெழுகு?”

“இல்லீங்க.”

“நிச்சயமா?”

“வெக்கலைங்க கோச். அது…” குரல் உள்ளே போயிற்று. “அது மத்தவங்களுக்குங்க.”

ஜெசிந்தா அந்தப் பெட்டியைச் சிந்துஜா கையில் கொடுத்துவிட்டு, கயிற்றுக்கு வெளியே வந்து, முன்பு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டார்.

சிந்துஜா சுட்டாள். ஒவ்வொன்றும் சத்தம்போல் சத்தம். ஒவ்வொன்றுக்கும் சென்னியப்பனின் தோள் குலுங்கியது. தாவூத் பாயின் தோட்டாக்கள் ஒன்றும் சதி செய்யவில்லை. ஆனால் நடுவில் நின்ற நேரத்தில் அவள் கை ஆறிப்போயிருந்தது. நான்காவதாக வந்தாள்.

திரும்பும்போது சுங்கச்சாவடி தாண்டியதும் கேட்டாள்.

“யாருக்குமே வெக்கலையா?”

“இல்ல அம்மிணி.”

“டாக்டருக்கு?”

“இல்ல.”

“அந்தக் காலேஜ் பையனுக்கு?”

“இல்ல.”

“எனக்கு மட்டும்.”

“ம்.”

லாரி ஒன்றை முந்திக்கொண்டு போனாள். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“பேசாம நான் தாவூத் பாய்க்கே பொண்ணாப் பொறந்திருக்கலாம்.”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

மறுநாள் சென்னியப்பனால் பட்டறையில் இருப்புக்கொள்ளவில்லை. பையன் ஒருவன் மோட்டாருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஏனுங்க, ஜாஸ்தியா வெச்சுட்டனுங்களா?” என்று அவன் கேட்டான். அவர் காரை எடுத்தார்.

கல்குவாரியில் அன்று யாரும் சுடவில்லை. அடைக்கிற அறை திறந்திருந்தது. போட்டிக்குப் போய்வந்த பெட்டிகளை மேசையில் அடுக்கி, சுட்ட கூடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார் ஜெசிந்தா. சிந்துஜாவின் பெட்டியில் மிஞ்சிய தோட்டாக்கள் பிரித்துக் கொட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் அந்த நீலக்குண்டு தனியாக இருந்தது.

சென்னியப்பன் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

“வேண்டாமுங்க கோச். இனி நான் அடைக்கல.”

ஜெசிந்தா சாவியைப் பார்க்கவில்லை.

“தாவூத் பாய் காலையில போன் பண்ணாரு. பெட்டி தீந்துபோச்சாம். சாயங்காலம் அவருக்கு முறை. டாக்டர்கிட்ட வாங்கிச் சுடப்போறாராம். நீங்க அடைச்சதுன்னு சொல்லித்தான் வாங்கியிருக்காரு.”

“அவருக்குத் தெரியாதுங்க. நான் எப்படிப்பட்டவன்னு எனக்குத்தான் தெரியும். ஒரு கையிலயே ரெண்டு விதமா அடைச்சிருக்கறேன். ஊர்க்காரங்களுக்கு ஒழுங்கா. பெத்த பொண்ணுக்கு…” நிறுத்தினார். “அன்னிக்கே நீங்க சொன்னீங்க. பேரிங்குன்னு. சுத்தியலையும் குடுத்தீங்க. எல்லாம் புரிஞ்சுதுங்க. புரிஞ்சும் வெச்சேன்.”

“ம்.”

“அவ விரலை எடுக்காம இருந்திருந்தா?”

“எடுத்துட்டா.”

“எடுக்காம இருந்திருந்தா, கோச்?”

ஜெசிந்தா அந்த நீலக்குண்டை எடுத்து அவர் கையில் வைத்தார். “எடுக்கச் சொல்லிக் குடுத்தாச்சு சார். அது அவ கையில ஏறியாச்சு. அது மேல நீங்க எதைத் தடவப் போறீங்க?”

சென்னியப்பன் குண்டை மூடிய கையோடு நின்றார்.

“அதுக்குத்தானுங்க சொல்றேன். சாவியை நீங்களே வெச்சுக்கங்க. அவ பேரைப் பாத்தா என் கை சும்மா இருக்காதுங்க. நாளைக்கும் இருக்காது. என்னை எனக்குத் தெரியும்.”

ஜெசிந்தா ஒரு பெட்டியை எடுத்தார். ஈரத்துணியால் அதன் மூடியைத் துடைத்து, ஒட்டியிருந்த பெயரை நகத்தால் உரித்தார். தாவூத் பாயின் பெயர். அடுத்தது கல்லூரிப் பையனின் பெயர். அடுத்தது. சிந்துஜாவின் சாய்ந்த எழுத்தும் ஈரத்தில் ஊறி, சுருண்டு, கையோடு வந்தது. எல்லாவற்றையும் குப்பைக்கூடையில் போட்டார். கூடுகளை ஒரே வாளியில் கொட்டிக் கலக்கினார். பெட்டிகளை இடம் மாற்றி மாற்றி அடுக்கினார். அந்தக் கிளப் தொடங்கிய நாளிலிருந்து இருந்த வழக்கம் அந்தக் கூடைக்குள் கிடந்தது.

சாவியை எடுத்து, குண்டு இல்லாத அவருடைய இன்னொரு கையில் வைத்தார்.

“உக்காருங்க சார். அடுத்த வாரத்துக்கு அடைக்கணும்.”

சென்னியப்பன் உட்கார்ந்தார். பெட்டிகளைப் பார்த்தார். ஒன்றுபோல ஒன்று. முதலில் இருந்ததை இழுத்து முன்னால் வைத்தார். திருப்பிப் பார்த்தார். இரண்டாவதையும் திருப்பிப் பார்த்தார்.

“கோச்.”

“ம்.”

“இதுல அம்மிணியோடது எதுங்க?”

ஜெசிந்தா வாசல்வரை போயிருந்தார். காதுமூடியைத் தலையில் மாட்டிக்கொண்டே திரும்பினார்.

“எல்லாமே தாவூத் பாயோடது சார்.”